டொக்கு மூடி

எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் பெயிண்டருக்கு ஒரு கால்தான் சொந்தம். இன்னொன்று செயற்கைக்கால் மையத்தில் கொடுத்தது. "சொந்தக் கால்ல நில்லுடான்னு எங்கப்பா சொல்லிக்கிட்டே இருந்தாரு, பாதிதான் முடிஞ்சுது" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அவர் சிரித்த பிறகு நாமும் சிரிக்கலாம். நாம் முந்திக்கொண்டால் அன்றைக்கு முழுக்க நம்மோடு பேச்சு கிடையாது.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். அந்தப் பக்கம் கரண்டி விழுந்தால் இந்தப் பக்கம் நான் குனிந்து தேடுவேன். ஆகவே இந்தக் கதையில் பாதி நான் கண்ணால் பார்த்தது, மீதி காதில் விழுந்தது. ஒட்டுக்கேட்டேன் என்று யாரும் சொல்ல வேண்டாம். சுவர் அப்படி.

கால் போனது ஏணியிலிருந்து விழுந்ததால் அல்ல. இதைச் சொல்லிவிட்டுத்தான் அவர் மற்றதைச் சொல்வார். கட்டட வேலை நடக்கும் இடத்தில் தண்ணீர் லாரி பின்பக்கமாக வந்தது. பார்த்துச் சொல்ல வேண்டியவன் போனில் பேசிக்கொண்டிருந்தான். "ஏணி என்னை ஒண்ணும் பண்ணலை. நான் தரையில நின்னுக்கிட்டிருந்தேன். தரைதான் ஆபத்து" என்பார். இடது கால், முழங்காலுக்குக் கீழே.

அதற்கு முன்னால் அவர் ஏணிக்காரர். சுவரும் கூரையும் சேருகிற இடத்தில் இரண்டு நிறத்துக்கும் நடுவே கோடு எடுக்க வேண்டும். மற்றவர்கள் காகித நாடா ஒட்டி, பூசி, நாடாவை உரிப்பார்கள். இவர் பிரஷ்ஷின் ஓரத்தை மட்டும் நனைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரே இழுப்பு இழுப்பார். கோடு நூல் பிடித்த மாதிரி வரும். கூட வேலை செய்கிறவர்கள் கீழே நின்று பார்ப்பார்கள். அப்போது அவருக்கு இருந்த திமிரை நான் பார்த்திருக்கிறேன். நியாயமான திமிர்தான்.

கால் போனபின் அவருடைய தம்பி வேலைகளை எடுத்து நடத்தினார். தம்பியும் பெயிண்டர், நல்ல மனுஷன், அண்ணனைக் கைவிடவில்லை. ஆனால் கொடுத்ததெல்லாம் தரை வேலை. உப்புத்தாள் தேய்ப்பது, சுவரடி வெடிப்பில் பட்டி வைப்பது, டப்பாவைக் கலக்குவது. நாள் முழுக்கச் சுவரோரமாக உட்கார்ந்து நகர்ந்து தேய்த்துவிட்டு, புருவமெல்லாம் வெள்ளையாக வீட்டுக்கு வருவார்.

"முழங்காலுக்குக் கீழ இல்லாதவனுக்கு முழங்காலுக்குக் கீழ உள்ள வேலை. என் தம்பி கணக்கு எவ்வளவு நேர்த்தி பாரு" என்று மனைவியிடம் சொல்வார்.

"வேலை இருக்குல்ல? தேய்ங்க" என்பார் அந்த அம்மா.

அந்த அம்மாவுக்கு ஜாம் தொழிற்சாலையில் வேலை. ஆறிய பாட்டில்கள் பெல்ட்டில் வரும். ஒவ்வொன்றின் மூடி நடுவிலும் கட்டைவிரலால் ஓர் அழுத்து. சத்தம் வராவிட்டால் நல்ல பாட்டில். 'டொக்' என்றால் உள்ளே காற்று புகுந்துவிட்டது என்று அர்த்தம். எடுத்து ஓரமாக வைத்துவிட வேண்டும். அந்த மாதிரி மூடிக்கு அங்கே டொக்கு மூடி என்று பெயர். நாள் முழுக்க இதைச் செய்வதால் இவருக்கும் அங்கே டொக்கு என்றுதான் பெயர். சர்க்கரை வாசனை தலைமுடி வரைக்கும் ஏறியிருக்கும். வீட்டுக்கு வந்ததும் சர்க்கரை இல்லாத டீ ஒரு டம்ளர் குடித்தால்தான் அவருக்கு உலகம் நேராகும்.

இனி அந்தக் கூட்டத்தைச் சொல்ல வேண்டும். கால் கொடுத்த மையம் போனில் ஒரு குழு வைத்திருக்கிறது. கால் வாங்கியவர்கள் எல்லாரும் அதில் உண்டு. பேசுகிறவர் மட்டும் ஒருத்தர்தான், மையத்தின் அதிகாரி. கால் ஆபீசர் என்பது இவர்கள் வைத்த பெயர். 'பயனாளிகள் மாற்றுக்கால் உறையைத் தினமும் துவைத்து உலர்த்தவும்' என்று அவர் போடுவார். பதிலுக்கு வரிசையாகக் கும்பிடு படம் வரும். தனிப்பட்ட அரட்டை கூடாது என்பது விதி. ஒரு சலூன்காரர், வலது கால் இல்லாதவர், "சாக்ஸை ஒத்தையா விக்கிற கடை எங்கயாச்சும் இருக்கா?" என்று கேட்டார். அரட்டை என்று அவரைத் தூக்கிவிட்டார்கள்.

சலூன்காரர் சும்மா இருப்பாரா? நாள் முழுக்க அடுத்தவன் தலையைப் பிடித்துக்கொண்டு பேசிப் பழகிய வாய். தானே ஒரு குழுவைத் தொடங்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் 'ஒத்தக்கால்ல நிக்கிறவங்க'. பிடிவாதம் பிடிப்பதற்கு நாம் சொல்லும் சொல்தானே அது! அங்கே ஒரே ஒரு விதி. காலை வாருவது, காலில் விழுவது, சொந்தக் காலில் நிற்பது என்று பேச்சுவாக்கில் யார் வாயிலாவது கால் வந்துவிட்டால் அவர் உடனே ஒரு பாட்டுப் பாடி அனுப்ப வேண்டும். நம் பேச்சில் எத்தனை கால் இருக்கிறது என்பது கால் போனவர்களுக்குத்தான் தெரியும். குழு முழுக்கப் பாட்டுதான். அதிலும் பஞ்சர் கடை நடத்தும் ஓர் அக்கா பாடினால் எங்கள் வீட்டுப் பூனை சுவரைவிட்டு இறங்கிப் போய்விடும்.

பெயிண்டருக்கு மையத்திலிருந்து கால் வருவதற்கு முன்னால், ஊன்றுகோலோடு இருந்த நாளில், அந்தக் குழுவில் ஒரு படம் போட்டார். புதுச் செருப்பு, இடது மட்டும். 'யாருக்காச்சும் வேணுமா? ஒரு நாள்கூடப் போடலை.' சலூன்காரர் உடனே எழுதினார்: 'எனக்கு இடதுதான் இருக்கு. அளவும் அதே. எங்கிட்ட வலது ஒண்ணு சும்மா கிடக்கு, அனுப்பறேன்.' அதிலிருந்து ஒரு ஜோடி வாங்கினால் ஆளுக்கொன்று. "பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுத்த மாதிரி ஆயிடுச்சே சம்பந்தி" என்றார் சலூன்காரர். அப்படியே நிலைத்துவிட்டது. நேரில் பார்த்ததே கிடையாது. ஆனால் செருப்புச் சம்பந்தி என்ன சாப்பிட்டார், அவர் மாமியாருக்குப் பல் கட்டியாயிற்றா, எல்லாம் எங்கள் வீட்டுக்கே தெரியும்.

பெயிண்டரின் மனைவிக்கு இந்தக் கூட்டத்தைக் கண்டாலே ஆகாது. "வேலையத்த கூட்டம்" என்பார். "வேலையிருந்தா எதுக்குக் கூடப் போறோம்?" என்பார் இவர்.

இப்படி இருக்கும்போதுதான் பெயிண்டைக் கரைக்கிற டின்னரால் அந்த விஷயம் நடந்தது. பெயிண்ட் வேலைக்காரன் தவிர வேறு யாரும் செய்யாத தப்பு அது. அன்றைக்கு மையத்தின் காலில் எனாமல் சொட்டியிருந்தது. கையில் பெயிண்ட் பட்டால் என்ன செய்வார்? துணியில் டின்னரை நனைத்துத் துடைப்பார். அதே பழக்கத்தில் காலையும் பாதம் வரைக்கும் அழுத்தித் துடைத்துவிட்டார். கை தோல், அந்தப் பாதம் ரப்பர். கொஞ்ச நேரத்தில் ரப்பர் இளகிப் பிசுபிசுவென்று ஆகிவிட்டது. மனைவி வேலை முடிந்து வந்தபோது அவர் வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தார். கால்மிதியும் கூடவே நடந்துகொண்டிருந்தது.

"என்னங்க இது?"

"வரமாட்டேங்குது."

"எது?"

"மிதியடி. என்னை விட்டுப் போக மனசில்ல அதுக்கு."

அந்த அம்மா ஒரு கையில் கால்மிதியையும் ஒரு கையில் அவர் காலையும் பிடித்து இழுத்து, மாறி மாறித் திட்டினார். இவர் அதைப் படம் எடுத்துக் குழுவில் போட்டார். அன்று முழுக்கச் சிரிப்பு. மையத்தின் குழுவாக இருந்தால் யார் இதைச் சொல்லியிருப்பார்கள்? அங்கே தப்பு செய்தால் குட்டு விழும், அதனால் யாரும் தப்பே செய்வதில்லை. இங்கே தப்பு செய்தவன்தான் அன்றைக்குக் கதாநாயகன்.

சிரிப்பு அடங்கியபின் பெயிண்டர் ஒரு வரி எழுதினார். 'ஒண்ணு சொல்லணும். இந்தப் பிசுக்கோட சின்ன ஏணியில முதல் படி ஏறிப் பாத்தேன். வழுக்கலை.'

பஞ்சர் அக்காவின் குரல் வந்தது. "தம்பி, அந்தப் பிசுக்கு நாளைக்கே தூசி பிடிச்சு செத்துடும். அதை நம்பாதே. ஆனா நீ சொல்றது சரி. உனக்கு வேண்டியது பிடிமானம். பழைய மோட்டார்சைக்கிள் டயர்ல நடுவுல ஒரு பள்ளம் வெட்டினா ஏணிப் படி அதுக்குள்ள உக்காந்துக்கும். நான் வெட்டி அனுப்பறேன். அதைப் பாதத்துல ஒட்டிக்கோ."

'ஒட்டாதீங்க' என்று சலூன்காரர் எழுதினார். 'கால் ஆபீசர் கண்ணுல பட்டா ரிப்பேர் பண்ணித் தரமாட்டாரு. கால்ல எந்த மாத்தமும் பண்ணக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கியிருக்காங்க. எங்கிட்டக் கத்தி தீட்டுற தோல்வார் பழசு இருக்கு. பக்கிள் வச்சுத் தைச்சுத் தரேன். கட்டிக்கிட்டு ஏறு, எறங்கினதும் கழட்டிடு. கால்ல யாரும் கை வைக்கலை. காலுக்குச் செருப்பு போட்டோம், அவ்வளவுதான்.'

'சம்பந்தி, கால்னு நாலு தடவை சொல்லிட்டீங்க' என்று யாரோ போட்டார்கள். சலூன்காரர் பாடினார்.

இங்கே இதெல்லாம் விளையாட்டாகப் போய்க்கொண்டிருந்தபோது, அங்கே தம்பிக்கு ஒரு பெரிய வேலை வந்தது. கடைத்தெருவில் நீளமான இரண்டு மாடித் துணிக்கடைக் கட்டடம். வெளிச்சுவர் முழுக்க ஒரு நிறம், கூரையடி விளிம்பு நெடுக வேறு நிறம், நடுவே கோடு. மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. காற்றில் ஈரம் ஏறிப் பட்டி காயவே மாட்டேன் என்றது. மழைக்கு முன்னால் முடிக்க வேண்டும். கோடு எடுக்கிற ஆள் பாதி வேலையில் வேறு இடத்துக்குப் போய்விட்டான்.

"நான் எடுக்கறேன்" என்றார் பெயிண்டர்.

தம்பி டீ டம்ளரைக் கீழே வைத்தார். "அண்ணே, விளையாடாதே."

"எவன்டா விளையாடறது?"

"உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா அண்ணி முகத்துல நான் எப்படி முழிப்பேன்? நீ கீழ இரு. கீழ இருந்து சொல்லு, நாங்க செய்யறோம்."

"சொல்லிச் செய்யற வேலையாடா அது? கோடு வாயிலயா வருது? கையில வருது. கை மேல போகணும்."

மனைவி உள்ளேயிருந்து வந்தார். கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "ஒண்ணு சொல்லிடறேன். நீங்க ஏணியில கால் வச்சீங்க, நான் இந்த வீட்ல கால் வைக்க மாட்டேன்."

"ரெண்டு தடவை சொல்லிட்டே. ரெண்டு பாட்டு" என்றார் இவர்.

யாரும் சிரிக்கவில்லை. தம்பி டீயைக் குடிக்காமலே போய்விட்டார். இவர் வெகுநேரம் மாற்றுக்காலைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு மனைவியிடம் சொன்னது சுவரைத் தாண்டி எனக்கும் கேட்டது. "லாரி எடுத்தது ஒரு காலைத்தான். மீதியை நீங்கள்லாம் சேந்து எடுக்காதீங்க."   யார் பக்கம் நியாயம் என்று எனக்கும் தெரியவில்லை.

டயரும் வாரும் பார்சலில் வந்தன. அழகாகத்தான் செய்திருந்தார்கள். டயரின் பள்ளத்தில் ஏணிப் படி கச்சிதமாக உட்கார்ந்தது. மனைவி வேலைக்குப் போனதும் பின்பக்கச் சுவரில் ஏணியைச் சாத்தினார் பெயிண்டர். நான் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். பார்த்தும் பார்க்காதது போல் இருந்தேன். ஏறும்போது எல்லாம் சரி. கூரை மட்டத்துக்குப் போய் கையை நீட்டி ஒரு கோடு இழுப்பது போல் காற்றில் இழுத்தார். இறங்கும்போதுதான் நடந்தது. இடது காலைக் கீழே விட்டு, படியில் வைத்துவிட்டேன் என்று நினைத்து எடையை இறக்கினார். அங்கே படி இல்லை. கீழே இரண்டாக மடித்துப் போட்டிருந்த பழைய மெத்தைமேல் விழுந்தார். முழங்கையும் தாடையும் சிராய்ந்தன. அன்றைக்குப் பார்த்துத் தொழிற்சாலையில் மின்சாரம் போய், பாதி நாளில் வந்த மனைவி பின்வாசலில் நின்றிருந்தார்.

அவர் ஓடிவந்து தூக்கினார். காயத்தைக் கழுவினார், மருந்து போட்டார்.  எல்லாம் முடிந்தபின் கணவனின் போனை எடுத்து, அந்தக் குழுவைத் திறந்து, பேச ஆரம்பித்தார்.

"யாருங்க நீங்கள்லாம்? முகம் தெரியாது, ஊரு தெரியாது. ஏறு ஏறுன்னு ஏத்திவிட்டுட்டு அவங்கவங்க வீட்ல உக்காந்து சிரிக்கிறீங்க. டயராம், வாராம்! இந்த மனுஷன் வழுக்கி விழலை, கேட்டுக்கோங்க. நான் பாத்தேன். டயர் நல்லாத்தான் பிடிச்சுது. படி எங்க இருக்குன்னே அந்தக் காலுக்குத் தெரியலை. நல்ல கால் தானாத் தேடிப் போய் நிக்குது. இது காத்துல வச்சுட்டு, வச்சாச்சுன்னு நெனச்சு எறங்குது. வச்சாச்சா இல்லியான்னு சொல்ல அதுக்கு வாய் இருக்கா? ஒரு சத்தமாவது உண்டா? இவருக்கு ஒண்ணு ஆனா உங்கள்ல யாரு வந்து நிப்பீங்க? பாடுவீங்களா? பாடுற கூட்டம்தானே நீங்க!"

 பிறகு ஒருவர் எழுதினார்: 'ரெண்டு கால் இருக்கறவங்களுக்கு இங்க என்ன வேலை? வெளிய அனுப்புங்க.'

சலூன்காரர் குரல் கொடுத்தார். "யாரை வெளிய அனுப்பச் சொல்றே? அவங்க எங்க சம்பந்தியம்மா. சம்பந்தி வீட்ல திட்டினா வாங்கிக்கணும், அதுதான் முறை. சம்பந்தியம்மா, நீங்க திட்டுங்க. நாங்க ஏத்திவிட்டது உண்மைதான். தப்புதான்."

மனைவி போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பதிலுக்குச் சண்டை வரும் என்று தயாராக இருந்தவர். மன்னிப்பு வந்தால் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. அப்போது பஞ்சர் அக்கா.

"தங்கச்சி, கடைசியா ஒண்ணு சொன்னியே. அதைத் திரும்பச் சொல்லு."

"எதை? பாடுற கூட்டம்னதையா?"

"அது உண்மை, விடு. அதுக்கு முன்னாடி. சத்தம்."

"ஒரு சத்தமாவது உண்டான்னேன்."

"அதான். நாங்க இத்தனை பேரும் வழுக்குது வழுக்குதுன்னே யோசிச்சோம். கால் மரத்துக் கிடக்குதுன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? நாங்கதான் அதுக்குள்ள இருக்கோமே. நீ வெளிய நின்னு பாத்திருக்கே. பஸ் படியில நானும் இப்படித்தான் விழறேன், இப்பதான் புரியுது. சத்தம் போடுற மாதிரி ஏதாச்சும் வைக்கணும்."

பிறகு ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள். ஒருவர் சைக்கிள் மணி என்றார். சலூன்காரர் குழந்தைகளின் கீச்சுச் செருப்பு என்றார். அதிலிருக்கும் ஊதலை எடுத்து அனுப்பியும்விட்டார். டயருக்கு அடியில் வைத்துப் பார்த்தால் படியில் வைத்தாலும் கீச், எடுத்தாலும் கீச், சும்மா நின்றாலும் கீச். தெருநாய் வந்து வாசலில் உட்கார்ந்துகொண்டது. மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்ததை நான் பார்த்தேன். அந்த வீட்டில் சிரிப்புக் கேட்டு நாளாகியிருந்தது.

இதற்குள் அவரையும் குழுவில் சேர்த்துவிட்டார்கள். ரெண்டுகாலி என்று பெயர். "நான் ஒண்ணும் உங்க கூட்டம் இல்ல. இவரைக் கண்காணிக்க வந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டுத்தான் சேர்ந்தார்.

அதன்பின் ஒரு நாள் வேலையில் பெல்ட் ஓடிக்கொண்டிருக்கிறது. பாட்டில், கட்டைவிரல், பாட்டில், கட்டைவிரல். ஒன்று டொக் என்றது. வழக்கம்போல எடுத்து ஓரமாக வைக்கப் போனவர் நின்றுவிட்டார். திரும்ப அழுத்தினார். டொக். இத்தனை வருஷமாகக் கெட்டது என்று ஒதுக்கிய சத்தம். பெல்ட்டில் பாட்டில்கள் அவரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. பக்கத்தில் நின்றவள், "டொக்கு, என்னாச்சு?" என்று உலுக்கினாள்.

கழித்துப் போட்ட மூடிகளில் கொஞ்சத்தை மேற்பார்வையாளரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். டீகூடப் போடவில்லை. ஒரு மூடியைத் தரையில் வைத்து, "மிதிங்க" என்றார்.

"எதுக்கு?"

"மிதிங்கன்னா மிதிங்க. அந்தக் காலால."

மிதித்தார். டொக். எடுத்தார். மறுபடியும் மிதித்தார். டொக். அவர் முகம் மாறியதை அந்த அம்மா பின்னால் என் வீட்டில் வந்து சொல்லும்போது கண் கலங்கினார். "காதுல இல்ல. எலும்புல கேக்குதுடி. முழங்கால்ல வந்து தட்டுது" என்றாராம் அவர்.

மூடிகள் பஞ்சர் அக்காவுக்குப் போயின. மேலே ஒரு டயர்த் தோல், கீழே ஒரு டயர்த் தோல், நடுவே பள்ளத்துக்கு நேராக மூடி. மூடி தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம், டொக்கு மூடிக்கா பஞ்சம்? பழைய மெத்தை கிடந்த இடத்தில் இப்போது மெத்தையோடு மணலும் கொட்டி, மனைவி பக்கத்தில் நிற்க, தினமும் ஏறி இறங்கினார். சத்தம் வராமல் எடையை இறக்கக் கூடாது என்பது கட்டளை. ஒரு தடவை மறந்தார். அந்தத் திட்டு தெரு முனை வரைக்கும் போயிற்று.

பஞ்சர் அக்கா தானும் ஒன்று செய்து கட்டிக்கொண்டு பஸ் படியில் ஏறினார். அந்தப் படம் எப்படியோ கால் ஆபீசரிடம் போய்விட்டது. அவர் பெயிண்டரைப் போனில் கூப்பிட்டார். மரியாதையாகத்தான் பேசினார்.

"மாற்றம் எதுவும் பண்ணக் கூடாதுன்னு சொல்லியிருக்கோமே?"

"பண்ணலைங்க. செருப்பு போட்டிருக்கோம். செருப்பு போடக் கூடாதுன்னு சொல்லலையே நீங்க."

ஆபீசர் வழிக்கு வந்தார். "சரி. நல்லாத்தான் இருக்கு. மத்தவங்களுக்கும் உதவும். நம்ம குழுவுல போடலாம்னு இருக்கேன். யார் கண்டுபிடிச்சதுன்னு ஒரு பேர் மட்டும் சொல்லுங்க. அந்த அரட்டை, பாட்டு, அந்தம்மா திட்டினதெல்லாம் வேண்டாம். சுருக்கமா."

பெயிண்டர் அதை அப்படியே குழுவில் சொன்னார். சலூன்காரர் ஆபீசருக்கே குரல்செய்தி அனுப்பினார். தன்னைத் தூக்கிய மனுஷனுக்கு அவர் அனுப்பிய முதல் செய்தி. "ஐயா, போடுங்க, தாராளமாப் போடுங்க. ஆனா முழுசாப் போடுங்க. மிதியடி ஒட்டினதுலேருந்து போடுங்க, நாங்க சிரிச்சதைப் போடுங்க, சம்பந்தியம்மா எங்களைக் கிழிச்சதைப் போடுங்க. அந்தத் திட்டு இல்லாம இந்தச் செருப்பு இல்ல. சுருக்கமா வேணும்னா உங்க குழுவுலயே கேட்டுப் பாருங்க, கும்பிடு வரும்."

ஆபீசர் எதுவும் போடவில்லை. போகட்டும். மையத்துக்கு வருகிறவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லி, இங்கே வந்து சேர்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

மேகம் நன்றாக இறங்கிவிட்ட ஒரு நாள் காலை பெயிண்டர் பையில் அந்த டயர்ச் செருப்பைப் போட்டுக்கொண்டு துணிக்கடைக் கட்டடத்துக்குப் போனார். எனக்குக் கடைத்தெருவில் வாங்க வேண்டியது ஒன்றுமில்லை. இருந்தாலும் பையைத் தூக்கிக்கொண்டு போனேன். சுவர் முழுக்க நிறம் ஏறியிருந்தது. விளிம்பு மட்டும் மொட்டையாக நின்றது. தம்பி அண்ணனைப் பார்த்ததும் வந்துவிட்டார்.

"அண்ணே, சொன்னேன்ல."

பெயிண்டர் வாரைக் கட்டி, பக்கிளை இறுக்கினார். ஏணிப் பக்கம் போனார். தம்பி குறுக்கே வந்து அவர் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார். வேலையாட்கள் பிரஷ்ஷோடு நின்றார்கள். கடைக்குள்ளிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"விடுடா."

"மாட்டேன். நீ என்னை அடி, விடமாட்டேன். அன்னிக்கு உன்னைத் தூக்கிட்டு ஓடினவன் நான். மறுபடி என்னால முடியாது."

தம்பி அழுதுவிட்டார். பெயிண்டர் குனிந்து பக்கிளில் கை வைத்தார். அப்படியே திரும்பிவிடுவார் என்றுதான் நான் நினைத்தேன்.

அப்போது மனைவி வந்தார். தொழிற்சாலைத் தொப்பியோடு, மேலங்கியைக்கூடக் கழற்றாமல், பாதி ஷிப்டில் வெளியே வந்திருந்தார். சர்க்கரை வாசனை அவருக்கு முன்னால் வந்தது. தம்பிக்கு உயிர் வந்த மாதிரி, "அண்ணி, நல்ல வேளை வந்தீங்க. நீங்களே சொல்லுங்க" என்றார்.

அவர் நேராக ஏணியிடம் போய், அதன் அடியை ஆட்டிப் பார்த்தார். ஒரு பக்கம் கல்லில் நின்றது. நகர்த்திச் சரியாக வைத்தார்.

"தம்பி, இங்க வா. ஏணியைப் பிடி."

"அண்ணி?"

"ஏணியைப் பிடி. ஆளைப் பிடிக்காதே."

தம்பி அண்ணியின் முகத்தைப் பார்த்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் ஏணியைப் பிடித்தார். அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் அண்ணி.

பெயிண்டர் டப்பாவை இடுப்பில் மாட்டிக்கொண்டு ஏறினார். வலது கால் சத்தமில்லாமல் போயிற்று. இடது கால், டொக். வலது. டொக். கடைத்தெரு இரைச்சலிலும் எனக்குக் கேட்டது, அல்லது கேட்டதாக நினைத்துக்கொண்டேன். முதல் மாடி ஜன்னலைத் தாண்டினார். இடது காலை வைத்தார்.

சத்தம் வரவில்லை.

தம்பி கண்ணை மூடிக்கொண்டார். மேலே பெயிண்டர் அப்படியே நின்றார். எடையை இறக்கவில்லை. பையனைப் பிடித்து அதட்டுகிற மாதிரி அந்தக் காலை ஏதோ திட்டினார். மெதுவாக எடுத்தார், இரண்டு விரல் உள்ளே தள்ளி வைத்தார். டொக்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மேலேயிருந்து சத்தமாகக் கேட்டார்: "கேட்டுச்சா?"

அந்த அம்மா ஏணியை இறுக்கிப் பிடித்தபடி, தொப்பி நழுவ, மேலே பார்த்துக் கத்தினார்.

"கேட்டுச்சு. மேல போங்க!"